ஊரில் முடிந்துபோன கோடை

1

எங்கள் குடியிருப்பின் வாசலில், தபால் பெட்டிகளுக்கு மேலே, நகராட்சி ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறது. இன்று காலை ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அதில் புதிய தாள் ஒன்று தெரிந்தது. இலையுதிர்கால விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் முகாம். இரண்டு வாரம் ஒரு பிள்ளை விளையாட வேண்டுமென்றால் தடுப்பூசிச் சான்று, காப்பீட்டுச் சான்று, வருமானச் சான்று, முகவரிச் சான்று, நீந்தத் தெரியும் என்பதற்கான சான்று ஆகியவை வேண்டும். முகாமில் நீச்சல் குளம் கிடையாது. ரொட்டி கையில் சுட்டுக்கொண்டிருக்க, அந்தத் தாளை இரண்டு முறை மரியாதையோடு வாசித்தேன்.

மரியாதைக்குக் காரணம் உண்டு. பிரான்சுக்கு வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதில் முப்பது ஆண்டுகள் ஒரு சமூக நல அலுவலகத்தில் வேலை. மக்கள் அனுப்பும் விண்ணப்பத்தில் எந்தத் தாள் குறைகிறது என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் மேசையின் பணி. ஒன்றுமே குறையாத விண்ணப்பம் வந்த நாளில் சாப்பாடு சரியாக இறங்காது. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பசி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது மருந்துக் கடைச் சீட்டிலும் உணவக விலைப்பட்டியலிலும் குறை தேடுகிறேன்.

பாரிஸின் வடக்குப் புறநகரில் அக்டோபர் வெளிச்சம் எட்டு மணிக்கு மேல்தான் எழுந்து வருகிறது. சமையலறை மேசையில் காப்பியோடு உட்கார்ந்தால் கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறம், உள்ளே ரேடியேட்டரின் முணுமுணுப்பு. அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அதற்குப் பின்னால் எங்கோ புதுச்சேரியின் ஜூலை மத்தியானம் மெதுவாக வெளுத்துக்கொண்டு வருகிறது. மொட்டை மாடித் தரை, கொடியில் காயும் ஈரத் துணி, காற்று திசை மாறும்போது திடீரென்று வரும் கடல் வாசனை. இன்று அந்தத் தாளைப் பார்த்ததால், அந்த ஜூலையை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

2

என் மகள் கலா ஒரு மருத்துவமனையில் தாதி. அவளும் தொமா என்கிற அவள் கணவரும் பிரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சண்டையில்லாத பிரிவு. நீதிமன்ற உத்தரவுப்படி ஜூலை மாதம் பிள்ளைகள் தாயோடு, ஆகஸ்ட் தந்தையோடு. சிறு விடுமுறைகள் ஆளுக்குப் பாதி. உத்தரவின் நகல் என்னிடமும் உண்டு. நல்ல உத்தரவு, குறை எதுவும் தெரியவில்லை.

இந்த ஜூலையில் கலாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அப்படியானால் பிள்ளைகளை நான் புதுச்சேரி வீட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்றேன். பெரியவள் நீலாவுக்குப் பன்னிரண்டு வயது, ரெமிக்கு எட்டு. என் மனைவி முழங்கால் சிகிச்சையால் வர முடியாது, தொலைபேசியில் மேற்பார்வை செய்வதாக ஏற்பாடு.

"ரெண்டு டிக்கெட்டோட என் கையிருப்பு காலிப்பா," என்றாள் கலா. "அங்க போய் ரிசார்ட்டு, வாட்டர் பார்க்குன்னு இழுத்து வுட்டுடாதீங்க. வீட்லயே வச்சு ஜாலியா இருக்கப் பாருங்க."

"அதெல்லாம் திட்டம் போட்டுடலாம்."

"திட்டம் போடுவீங்கன்னு தெரியும். அதான் பயமே." பிறகு சொன்னாள்: "நீலாவுக்கு வரவே இஷ்டம் இல்லப்பா. நான் கெஞ்சித்தான் சரின்னா. திரும்பி வந்து, இனிமே வேணாம்னு சொன்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். அவ வரலன்னா சின்னவனும் வரமாட்டான். இந்த ஒரு மாசம்தான் உங்க கையில இருக்குது."

தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் சன்னலருகே நின்றேன். நான் ஊரை விட்டு வந்தவன். ஆனால் என்னோடு ஊர் முடிந்துவிடும் என்று எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். பெற்றோர் இல்லாமல் பிள்ளை நாட்டை விட்டு வெளியேற அனுமதிப் படிவம், கலாவின் அடையாள அட்டை நகல், தொமாவின் சம்மதக் கடிதம் (சட்டப்படி தேவையில்லை, இருக்கட்டுமே), விசா, தடுப்பூசி அட்டை. எல்லாம் மூன்று பிரதிகள். விமான நிலையத்தில் அதிகாரி ரெமியின் தொப்பியைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். படிவத்தைப் பார்க்கவில்லை. நானாக எடுத்து நீட்டியபோது, வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

பிறகு கோடைத் திட்டம். நான்கு வாரங்கள், ஒரு பெரிய தாள், கட்டம் கட்டமாக. நடவடிக்கை, பொறுப்பாளர், மழை வந்தால் மாற்று. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு நாளும் ஒரே வரி: "தெருப் பிள்ளைகளோடு விளையாட்டு." செலவு இல்லை, மொழிப் பழக்கமும் ஆயிற்று. இதைவிடச் சிக்கனமான கோடையை எந்த நகராட்சியாலும் தீட்ட முடியாது.

3

எங்கள் வீடு நகரின் தெற்குப் பக்கம், கடலுக்கு நான்கு தெரு தள்ளி. எதிர்வீடு ரஹ்மத்துடையது. வாசல் அறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். தெருவில் எந்தப் பாவாடையின் மடிப்பு பிரிந்தாலும் அவளிடம்தான் போகும். ஒவ்வொரு குளிர்காலமும் நான் வரும்போது வீட்டுச் சாவி அவளிடமிருந்துதான் கைக்கு வரும்.

முதல் திங்கட்கிழமை, திட்டப்படி சரியாகப் பத்து மணிக்கு, கேரம் போர்டையும் கிரிக்கெட் மட்டையையும் புதுப் பந்தையும் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். நீலாவும் ரெமியும் படியில் உட்கார்ந்தார்கள். தெரு வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. ஒரு காய்கறி வண்டி போயிற்று. நிழலில் படுத்திருந்த நாய் ஒரு கண்ணைத் திறந்து பந்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பத்தேகால். பத்தரை. தெருவில் ஒரு பிள்ளையைக் காணோம்.

ரஹ்மத் மெஷினை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினாள்.

"என்னண்ணே, கேரம் போர்டெல்லாம் வெளிய வந்துருக்குது?"

"பசங்க விளையாடத்தான்."

"எந்தப் பசங்க?"

"தெருப் பசங்கதான். லீவுதானே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "லீவா? அது மே மாசம்ணே. எல்லாம் ஸ்கூலுக்குப் போயி ஒரு மாசம் ஆவப்போவுது. ஜூலையில யாரு லீவு வுடுவா?"

யாருமில்லை. எனக்குத் தெரியாதா? இதே தெருவில் பிறந்து, இதே ஊரில் மே மாதம் பூராவும் நுங்கு தின்று, ஜூனில் புதுப் புத்தக வாசனையோடு பள்ளிக்கூடம் போனவன் நான். முப்பத்தெட்டு ஆண்டுகளில் கோடை என்கிற சொல் எப்போது ஜூலைக்குக் குடிபெயர்ந்தது என்று தெரியவில்லை. நான் வழக்கமாக வருவது சனவரியில், அதனால் பிழை பிடிபடவும் இல்லை. உலகத்து விண்ணப்பங்களிலெல்லாம் குறை கண்டுபிடித்தவன், தன் திட்டத்தில் விளையாட ஆளே இல்லை என்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

ரெமி மட்டும் மனம் தளரவில்லை. அவன் தமிழ் முழுக்க, அவன் தாய் தொலைபேசியில் பெரியவர்களிடம் பேசும் தமிழ். அதனால் உலகத்தில் எல்லோருக்கும் அவனிடம் ஒரே மரியாதைதான். பந்தை எடுத்துக்கொண்டு நாயிடம் போனான். "எழுந்திரிங்க," என்றான். "விளையாட வாங்க."

"அட, எங்க தெரு நாய்க்கு இன்னிக்குத்தான்யா கௌரவம் வந்துருக்குது," என்றாள் ரஹ்மத்.

நீலா சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

4

அந்த முதல் வாரம் நீலா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் கவலை. கடற்கரைக்கு அழைத்துப்போனேன். மாலையில் வண்டிகள் நிறுத்தப்பட்டு வெறிச்சோடிய சாலையில், அலை கல்லில் மோதித் தெறிப்பதைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சா வா," என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். பிள்ளைச்சாவடிக்குப் பேருந்தில் போய், கடல் தின்றதுபோக மிச்சமிருந்த மணலில் படகுகளை எண்ணினோம். சா வா. மாடியில் பாய் விரித்து, தண்ணீர் தெளித்து, தர்பூசணி வெட்டினேன். சா வா.

கலா தொலைபேசியில் கேட்டாள்: "என்னப்பா சொல்றா?"

"'சா வா'ன்னு சொல்றா."

"அப்ப நல்லா இல்லன்னு அர்த்தம்."

மத்தியானங்கள் நீண்டன. மின்விசிறிக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்து, கூரையின் நிழல் நகர்வதை மூவரும் பார்த்துக்கொண்டிருப்போம். எதிரே மெஷின் ஓடும், நிற்கும், ஓடும். நாலரை மணிக்குத் தெருமுனையில் திடீரென்று ஓர் இரைச்சல் கிளம்பும்: சீருடைகள், சைக்கிள் மணிகள், ஒருவர் பையை ஒருவர் இழுக்கும் சத்தம். பத்து நிமிடம். பிறகு எல்லாம் வீடுகளுக்குள் வடிந்துவிடும். முகம் கழுவி, எதையாவது தின்று, ஐந்தேகாலுக்கு டியூஷன். நீலா நாலரை மணிக்குச் சன்னலுக்குப் போவதை நான் மூன்றாம் நாளில்தான் கவனித்தேன்.

ரஹ்மத்தின் மகள் ஃபர்ஹானாவுக்கும் பன்னிரண்டு. ஒரு நாள் அவள் கையில் பஜ்ஜியோடு எங்கள் படியில் வந்து உட்கார்ந்தாள். நீலாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஏன் ஸ்கூலுக்குப் போவல?"

நீலா என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்வதற்குள் ஃபர்ஹானாவே முடிவுக்கு வந்துவிட்டாள். "ஃபெயிலா?"

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நீலாவின் முகம் சிவந்தது. இந்த ஊருக்கு வந்து அவள் சா வா சொல்லாத முதல் தருணம் அது.

"நான் ஃபெயில் இல்ல! நான் ஃபர்ஸ்ட்!"

"அப்ப ஏன் வீட்ல கெடக்கற? பொய் சொல்றியா?"

"பொய் இல்ல! லீவு!"

"ஜூலையில லீவாம்," என்று ஃபர்ஹானா பஜ்ஜியிடம் சொன்னாள். பிறகு பாதியைப் பிய்த்து நீலாவிடம் நீட்டினாள். "நம்பறேன், நம்பறேன். துன்னு."

அன்று மாலை நீலா என் நாற்காலிக்கு எதிரே வந்து நின்று, பிரெஞ்சில், தெளிவாக, ஃபர்ஹானாவோடு பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றாள். விடுமுறையிலா என்றேன். ஆமாம் என்றாள். அங்கேதான் எல்லோரும் இருக்கிறார்கள்.

5

முடியாது என்பதை அவளுக்கு இருபது நிமிடம் விளக்கினேன். மாற்றுச் சான்றிதழ் இல்லை. ஆதார் இல்லை. சுற்றுலா விசாவில் வந்த பிள்ளை. கல்வி ஆண்டு தொடங்கியாயிற்று. எந்தத் தலைமை ஆசிரியரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார், நானாக இருந்தாலும் மாட்டேன். நீலா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனால் நீங்கள் கேட்டுப் பார்க்கவே இல்லையே," என்றாள்.

கேட்பதென்றால் முறையாகக் கேட்க வேண்டும். நான்கு நாட்கள் உழைத்தேன். பிறப்புச் சான்று, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, பள்ளி மதிப்பெண் தாள், தடுப்பூசி அட்டை, கலாவின் சம்மதக் கடிதம், இங்கே அவளுக்குப் பாதுகாவலர் நான்தான் என்பதற்கு உறுதிமொழி, இணைப்புகளின் பட்டியல். பச்சை நாடா கட்டிய அந்தக் கோப்பைக் கையில் தூக்கிப் பார்த்தபோது, ஓய்வு பெற்றதிலிருந்து முதல் முறையாக உடம்பு லேசானது.

பள்ளி எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். தலைமை ஆசிரியை ஐம்பது வயதுக்காரர், மூக்கின் நுனியில் கண்ணாடி. நான் உட்கார்ந்து, கோப்பை மேசையில் வைத்து, தொண்டையைச் செருமினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"என்னம்மா பேரு?"

"நீலா."

"சாப்ட்டியா?"

"சாப்டேன் டீச்சர்." இதை ஃபர்ஹானா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"நாளைக்கு ஃபர்ஹானா கூட வந்து ஒக்காரு. மேத்ஸ் டீச்சர் கத்துவாங்க, பயப்படாத." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயா, அது என்ன கட்டு?"

"விண்ணப்பம். இணைப்புகளோட."

"அத அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஒரு பார்வை பாத்துட்டா..."

"பாத்தா வாங்கணும். வாங்குனா மேல அனுப்பணும். மேலேர்ந்து பதில் வர்றதுக்குள்ள இந்தப் புள்ளைக்குக் கல்யாணமே ஆயிடும். புள்ள விருந்தாளியா வந்துருக்குது, ரெண்டு வாரம் ஒக்காந்துட்டுப் போவட்டும். விருந்தாளிக்கு ஏதுங்க ஃபார்ம்?"

முப்பது ஆண்டுகள் நான் ஒரு முனையில் உட்கார்ந்து தாள்களை வாங்கியவன். வாங்காமல் விடுவது என்று ஒரு நடைமுறை இருப்பதும், அதற்கு இத்தனை ஞானம் தேவைப்படுவதும் அன்றுதான் தெரிந்தது. கோப்பை அணைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். நீலா எனக்கு இருபதடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

ரஹ்மத் தன் மகளின் போன வருடச் சீருடையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, இரண்டு விரல் நீளம் கூட்டித் தைத்தாள். "ஃபிரான்ஸ்ல என்னதான் போடுவாங்களோ, இப்படி வளந்து நிக்குது," என்றாள். மறுநாள் எட்டரைக்கு இரண்டு சீருடைகள் தெருமுனையில் திரும்பி மறைந்தன.

6

எனக்கும் ரெமிக்கும் தெரு மிச்சமாயிற்று. திட்டத் தாளில் நான் பெரிதாக நம்பாத ஒரு வரி இருந்தது: "லாஸ்பேட்டை, விமானம் பார்த்தல், கட்டணம் இல்லை." போனோம்.

புறநகரில் எங்கள் வீட்டுக்கு மேலே சில நிமிடங்களுக்கு ஒரு விமானம் இறங்கும். ரெமி ஒரு நாளும் தலை தூக்கிப் பார்த்ததில்லை. இங்கே விமான நிலைய வேலியோரம், ஒரு மரத்தடியில், டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வானத்தைப் பார்த்தான். கல்லூரிப் பிள்ளைகள் ஸ்கூட்டரில் போனார்கள். ஓர் ஆடு அவன் தொப்பியை முகர்ந்தது, "வேண்டாங்க," என்றான். புல்லின் மேல் வெப்பம் நெளிந்தது. தூரம் எது, அருகு எது என்று தெரியாத ஒரு மயக்கம் எனக்கு.

"விமானம் இன்னிக்கு வருமா?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"வந்தா வரும் சார். நேத்து வந்துச்சு."

வந்தது. முதலில் ஒரு பொட்டு, பிறகு ஒரு முனகல், பிறகு விசிறிகள் சுற்ற ஒரு சின்ன விமானம், ஏதோ தெரிந்தவர் வீட்டுக்கு வருவதுபோல நிதானமாக இறங்கியது. ரெமி எழுந்து நின்று இரண்டு கைகளையும் வீசினான். "வாங்க! வாங்க!"

மாலையில் நீலா வந்து ஒரே மூச்சில் கொட்டுவாள், பாதி தமிழில், பாதி பிரெஞ்சில். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது. கடைசிப் பெயரைக் கூப்பிட்ட பிறகு டீச்சர் நிமிர்ந்து பார்த்து, "பிரான்ஸ்?" என்பாராம். இவள் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்பாளாம். வகுப்பே கை தட்டுமாம். கணக்கில் முதலாவதாக வந்தாள். தமிழ்ப் பாடத்தில் ஃபர்ஹானா மேசைக்கு அடியில் எழுத்துகளைக் காட்டிக்கொடுத்தாள். வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவைப் பற்றி ஒருத்தி சொன்னாளாம், அது ஆகஸ்டிலாம், நாம் இருக்க மாட்டோமா என்று கேட்டாள். இருக்க மாட்டோம் என்றேன். சா வா என்று அவள் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

7

புறப்படுவதற்கு முந்தைய நாள் ஞாயிறு. மாலை ஐந்து மணிக்கு நாங்கள் எல்லோரும் மொட்டை மாடியில் இருந்தோம். கடற்காற்று வந்துவிட்டது, ஆனாலும் தரை இன்னும் சுட்டது. ஃபர்ஹானாவும் நீலாவும் ரெமியும் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நொண்டியடித்துக்கொண்டே ஓடினார்கள். கலா கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"நீலா, சொல்லுடா. அடுத்த வருஷம் போறியா, வேணாமா? மறைக்காம சொல்லு."

"ஜூலையில வரமாட்டேன்," என்றாள் நீலா. தமிழிலேயே சொன்னாள், ஃபர்ஹானாவுக்கும் புரிய வேண்டும் என்பதுபோல.

நான் கொடியிலிருந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டேன். காற்று பலமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

 மறுமுனையில் கலா, "சரிம்மா," என்றாள்.

"ஜூலை வேஸ்ட். எல்லாருக்கும் ஸ்கூல். ஃபர்ஹானாவுக்கு டியூஷன்." நீலா பிரெஞ்சுக்கு மாறி வேகமெடுத்தாள். மே மாதத்தில்தான் இங்கே விடுமுறை. தெரு முழுக்கப் பிள்ளைகள் இருப்பார்கள். நான் மே மாதம் வருகிறேன்.

"மே மாசம் உனக்கு ஸ்கூல் இருக்குதேடி!"

அப்போது நான் துண்டை விட்டேன். கீழே போய், பிரான்சின் பள்ளி நாட்காட்டியையும், ரஹ்மத் வீட்டுச் சுவரிலிருந்து ஊர் நாட்காட்டியையும் எடுத்து வந்தேன். இரண்டையும் தண்ணீர்த் தொட்டியின் மேல் பக்கம் பக்கமாக விரித்து, பறக்காமல் நான்கு கற்கள் வைத்தோம். எங்கள் வட்டாரத்து வசந்த விடுமுறையின் இரண்டாவது வாரம் மே மாதத்தின் முதல் நாட்களைத் தொட்டுக்கொண்டு முடிகிறது. ஊரின் விடுமுறை அப்போதுதான் தொடங்கியிருக்கும். பத்து நாள்கூட இல்லை. ஆனால் இருந்தது. முப்பது ஆண்டுகளில் நான் கண்டுபிடித்தவை எல்லாம் குறைகள்தான். இருக்கிறது என்று ஒன்றைக் கண்டுபிடித்தது அன்றுதான்.

அந்த இரண்டாவது வாரம் தொமாவுடையது. உத்தரவு அப்படி. மாற்றிக்கொள்ள அவர் சம்மதம் வேண்டும். கடிதம் ஒன்று எழுதலாம், வாசகம் என் மனதில் ஓடத் தொடங்கியிருந்தது. நீலா அதற்குள் தன் தொலைபேசியில் தந்தையைக் கூப்பிட்டுவிட்டாள்.

அவளும் ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் இருவர் பேசியதும் கேட்டது. ஃபர்ஹானா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சொல்லும் புரியாமல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டி ஆதரவளித்துக்கொண்டிருந்தாள். தொமா பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மே மாதத்தில் அங்கே வெயில் எப்படி இருக்கும்?

அது அவருக்குத் தெரியும். கலாவைக் கட்டிக்கொள்ள அவர் இந்த ஊருக்கு வந்தது ஒரு மே மாதத்தில்தான். பட்டு வேட்டி சட்டையில், மாலைக்குக் கீழே, தாரை தாரையாக வேர்த்து, நடுவில் ஒரு முறை நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

நீலா தொலைபேசியை உள்ளங்கையால் மூடினாள். "மே, சூடு எவ்ளோ?"

ஃபர்ஹானா தரையைப் பார்த்தாள். தன் பாதங்களைப் பார்த்தாள். "சூடா? மே மாசத்துலயா? ஜில்லுனு இருக்கும்னு சொல்லுடி."

நீலா என்னைப் பார்த்தாள். பொய்யான தகவல் தருவோர் மீது எடுக்கப்படும் நடவடிக்கைகள் எனக்கு மனப்பாடம். நான் திரும்பிக்கொண்டு, கொடியில் காய்ந்த துணிகளை மடிக்கத் தொடங்கினேன்.

"குளிராக இருக்குமாம், அப்பா," என்று நீலா பிரெஞ்சில் சொன்னாள்.

தொமா சிரிப்பது மாடியின் இந்தக் கோடி வரை கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டார்.